பல் தேய்மானத்தை ஸ்கான் செய்து அளக்கும் சேவை: யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவரின் மதிப்பீடு

யாழ்ப்பாண நகரில் உள்ள தனியார் பற்சிகிச்சை நிலையம் ஒன்று, பல் தேய்மானத்தை அளந்து கண்காணிக்கும் சேவையை வழங்கி வருகின்றது. வாய்க்குள் வைத்துப் படமெடுக்கும் ஸ்கானரால் முழுப் பல்வரிசையையும் முப்பரிமாண உருவாகப் பதிந்து, ஓர் ஆண்டு கழித்து மறுபடியும் பதிந்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நிறப்படமாகவும் எண்களாகவும் அறிக்கையில் தருவதே அந்தச் சேவை. இரு பதிவுகளையும் செய்து அறிக்கையையும் பெற்றுக்கொண்ட ஒருவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சில குறைகளைச் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வேறு எந்த நிலையம் இந்தச் சேவையைத் தந்தாலும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும் என்பதால், பெயர் இல்லாததால் வாசகருக்கு இழப்பு எதுவும் இல்லை.

என்னுடைய கீழ் முன்பற்கள் வரவரக் கட்டையாகிக்கொண்டு வருவதையும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் எடுப்பதையும் பார்த்து, வழக்கமாக என்னைக் கவனிக்கும் பல் வைத்தியரே இந்த நிலையத்துக்குப் போகச் சொன்னார். பல் தேய்வதற்குக் காரணம் ஒன்றல்ல. இரவில் பல்லை நறும்புவதால் பல்லோடு பல் உரசித் தேயலாம். கரடுமுரடான பற்பொடியையோ உமிக்கரியையோ வைத்து அழுத்தித் தேய்ப்பதாலும் தேயலாம். உணவிலும் பானத்திலும் உள்ள அமிலமோ, இரைப்பையிலிருந்து மேலேறி வரும் அமிலமோ மேற்பரப்பைக் கரைக்கலாம். பெரும்பாலானவர்களின் வாயில் இம்மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன. தேசிக்காய்த் தண்ணீரும் நெல்லி கிறஷும் வெயில் காலம் முழுவதும் குடிக்கும் ஊரில், சாப்பாட்டுக்குப் பின்னர் பாக்கைக் கடித்து மென்று பழகிய பெரியவர்களின் வாயில், எது எவ்வளவு பங்கு வகித்தது என்று கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆகவே அளக்கும் கருவி ஒன்று வந்திருக்கிறது என்றதும் எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுந்தது. நில அளவைத் திணைக்களத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் ஆகையால், அளவீடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சற்றுக் கூடுதல் ஆர்வமும் சற்றுக் கூடுதல் சந்தேகமும் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கான் செய்யும் அனுபவம் மிகவும் இலகுவானது. பழைய முறையில் அச்செடுக்கும்போது அல்ஜினேற் பசையைத் தட்டில் குழைத்து மேலண்ணம் வரை வைத்து அமுக்குவார்கள். ஓங்காளம் வருகிறவர்களுக்கு அது ஒரு தண்டனை. இங்கே பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியை விடச் சற்றுத் தடித்த ஒரு கோல் மட்டுமே வாய்க்குள் போகின்றது. உதவியாளராக இருந்த பெண் பிள்ளை, “ஐயா, நாக்கைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளுங்கோ, எச்சிலை நான் உறிஞ்சி எடுக்கிறன்” என்று ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லிச் சொல்லியே செய்தார். பற்களைக் காற்றடித்து உலர்த்திய பின்னரே படமெடுத்தார். இது சிறிய விடயம் போலத் தோன்றினாலும் முக்கியமானது; ஈரப் படலம் ஒளியைத் தெறிக்கச் செய்து, மேற்பரப்பை உள்ளதை விட வேறாகக் காட்டிவிடும்.

வாய்க்குள் வைத்துப் படமெடுக்கும் இந்தத் தொழில்நுட்பம் நேற்று வந்ததல்ல. சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மன் என்ற பல் வைத்தியரும் பிராண்டெஸ்தினி என்ற பொறியியலாளரும் சேர்ந்து உருவாக்கிய செரெக் கருவி 1985இலேயே நோயாளியின் வாயில் பயன்படுத்தப்பட்டது. அன்று அதன் நோக்கம் பல்லில் பொருத்தும் நிரப்புத் துண்டை அங்கேயே செதுக்குவது. இன்று திரியோஸ், ஐடெரோ போன்ற ஸ்கானர்களின் மென்பொருளில், வெவ்வேறு காலங்களில் எடுத்த பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வசதி சேர்ந்திருக்கிறது. தேய்மானக் கண்காணிப்பு என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வசதிதான்.

அறிக்கை என் கைக்கு வந்தபோதுதான் கேள்விகள் தொடங்கின. பற்களின் படத்தின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறங்கள் பூசப்பட்டிருந்தன. சிவப்பு என்றால் தேய்ந்த இடம், பச்சை என்றால் மாறாத இடம். ஒவ்வொரு பல்லுக்கும் இழப்பு எவ்வளவு என்று மைக்ரோமீற்றரில், தசம புள்ளிக்குப் பின்னர் இரண்டு இலக்கங்கள் வரை அச்சிட்டிருந்தார்கள். ஒரு மைக்ரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் நூறில் ஒரு பங்கு வரை எழுதிக் காட்டுவதற்கு அந்தக் கருவிக்கு எந்தத் தகுதியும் கிடையாது. கணினி கொடுத்த எண்ணை அப்படியே அச்சிட்டு நீட்டும் இந்தப் பழக்கத்தை எந்த அளவைத் தொழிலிலும் மன்னிக்க மாட்டார்கள்.

அதை விட வினோதமானது நீல நிறம். குறிப்புப் பட்டையின்படி நீலம் என்றால் பல் வளர்ந்திருக்கின்றது என்று பொருள். பல்லின் கடினமான வெளிப்படையாகிய எனாமலை உருவாக்கும் கலங்கள் பல் முளைக்கும் காலத்திலேயே அழிந்துவிடுகின்றன. அதன் பின்னர் எனாமல் ஒருபோதும் வளர்வதில்லை. அப்படியானால் என் கொடுப்புப் பல்லின் கன்னப் பக்கத்தில் தெரிந்த நீலத்துக்கு என்ன விளக்கம்? கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்து நீலத்துக்கு விளக்கம் உடனே கிடைத்தது: அங்கே ஓராண்டில் படிந்த பற்காரை. பற்காரையை நீக்கிய பிறகே ஸ்கான் எடுக்க வேண்டும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் கொடுப்புப் பல்லின் நீலம் காரை அல்ல.

நிலையத்தின் வைத்தியர் பொறுமையாகவும் நேர்மையாகவும் பதில் சொன்னார் என்பதை இங்கே பதிய வேண்டும். இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்பதற்கு, முழுப் பல்வரிசையின் எல்லாப் புள்ளிகளையும் எடுத்து, அவற்றுக்கு இடையிலான தூரம் மொத்தத்தில் ஆகக் குறைவாக வரும்படி மென்பொருள் தானாகவே பொருத்திக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. தேய்ந்த பரப்பும் தேயாத பரப்பும் சேர்ந்தே அந்தப் பொருத்தத்தைத் தீர்மானிப்பதால், தேய்ந்த பக்கத்தின் இழப்பில் ஒரு பகுதியை மென்பொருள் மற்றப் பக்கங்களுக்குப் பகிர்ந்துவிடுகிறது. விளைவாக உண்மையான இழப்பு குறைவாகத் தெரியும். மாறாத இடங்கள் வளர்ந்தது போலத் தெரியும். காணி அளக்கும்போது அசையாத கல் ஒன்றிலிருந்துதான் தொடங்குவோம்; அசைந்த கல்லையும் அசையாத கல்லையும் சராசரி எடுத்து எல்லை போட மாட்டோம். பல்லிலும் அப்படியே. எதிர்ப்பல் தொடாத, பொதுவாகத் தேயாத பக்கப் பரப்புகளை மட்டும் தெரிவுசெய்து அவற்றின் மீது இரு பதிவுகளையும் பொருத்திய பின்னரே, மேற்பரப்பின் வேறுபாட்டை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பல்லையும் தனியாக வெட்டியெடுத்துப் பொருத்தினால் இன்னும் நல்லது; ஏனெனில் ஸ்கானர் எடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வோர் ஒட்டிலும் சிறு பிழை சேர்ந்து, ஒரு கடைசிக் கொடுப்புப் பல்லிலிருந்து மறு கடைசிக் கொடுப்புப் பல்லை அடையும்போது அது பெருகிவிடுகின்றது.

நான் கேட்டதன் பேரில் இரண்டு பற்களுக்கு மட்டும் அவ்வாறு மறுபடி பொருத்திக் காட்டினார்கள். நீலம் மறைந்தது, இழப்பின் எண் முதல் அறிக்கையில் இருந்ததை விடக் கூடியது. கருவி அதே கருவி, பதிவும் அதே பதிவு. கேட்காமல் விட்டிருந்தால் முதல் எண்ணோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

சரியாகப் பொருத்திய எண்ணையாவது நம்பலாமா என்ற கேள்வி அடுத்து வருகின்றது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் லம்பிரெக்ற்ஸும் குழுவினரும் 1989இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, பல்லோடு பல் தொடும் இடத்தில் எனாமல் சாதாரணமாக ஆண்டுக்குத் தேயும் அளவு கொடுப்புப் பற்களில் ஏறத்தாழ 29 மைக்ரோமீற்றர், முன்கடைவாய்ப் பற்களில் ஏறத்தாழ 15 மைக்ரோமீற்றர். வாய்க்குள் எடுக்கும் ஸ்கானின் பிழையும், பொருத்துவதில் வரும் பிழையும் சேர்ந்தால் அதுவே சில பத்து மைக்ரோமீற்றர் ஆகிவிடும். அதாவது சாதாரணமாகத் தேயும் ஒருவருக்கு ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரு பதிவுகளை ஒப்பிட்டால், வருகின்ற எண் பெரும்பாலும் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். தேய்மானம் வேகமாக நடப்பவர்களுக்கு மட்டுமே ஓராண்டில் நம்பத்தக்க விடை கிடைக்கும். மற்றவர்கள் இரண்டாவது பதிவை இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்தால் போதும். அதனால் விடையும் தெளிவாகும், செலவும் குறையும். சேவையை ஓராண்டுப் பொதியாக மட்டும் விற்பது வியாபாரத்துக்கு வசதியாக இருக்கலாம். அளவீட்டுக்கு அது வசதியல்ல.

இந்த எண்களை நினைத்து யாரும் பயப்படவும் வேண்டியதில்லை. கொடுப்புப் பற்களின் முகடுகளில் எனாமல் 2.5 மில்லிமீற்றர் வரை தடிப்பாக இருக்கக்கூடும். ஆண்டுக்கு 29 மைக்ரோமீற்றர் வீதம் நாற்பது ஆண்டுகளுக்குத் தேய்ந்தாலும் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர்தான் போகும். எனாமல் தீர்ந்து உள்ளேயுள்ள மஞ்சள் நிற டென்ரீன் வெளிப்பட்ட பின்னரே தேய்மானத்தின் வேகம் கூடும். அது எனாமலை விட மிக மென்மையானது. என் கீழ் முன்பற்களின் நுனியில் மஞ்சள் கோடு தெரிவதற்குக் காரணம் அதுவே.

நிலையத்தின் விளம்பரத் துண்டில் “அமில அரிப்பையும் துல்லியமாக அளக்கலாம்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த வசனத்தை அவர்கள் திருத்த வேண்டும். அமிலம் எனாமலைத் தொட்டவுடன் முதலில் நடப்பது மேற்பரப்பு மென்மையாவது. சில மைக்ரோமீற்றர் ஆழத்துக்குக் கனிமம் கரைந்து போனாலும் வடிவம் அப்படியே இருக்கும். அந்த மென்மையான படையை பிரஷோ நாக்கோ எதிர்ப்பல்லோ உரசி எடுத்த பிறகுதான் வடிவம் குறைகிறது. வடிவத்தை மட்டுமே பார்க்கும் ஸ்கானருக்கு முதற்கட்டம் முற்றாகத் தெரியாது. அதை அளப்பதற்கு ஆய்வுகூடத்தில் வேறு முறைகள் உள்ளன. வைர முனையை அழுத்திப் பதியும் தடத்தின் அளவைக் கொண்டு கடினத்தைக் கணிக்கும் நூப், விக்கர்ஸ் முறைகள். அமிலத்துக்குள் கரைந்து வந்த கல்சியத்தின் அளவை அணு உறிஞ்சல் நிறமாலை மூலம் காண்பது. மேற்பரப்பின் மேடு பள்ளங்களை நுண்ணிய ஊசியாலோ ஒளியாலோ வருடி வரைபடமாக்கும் புரோஃபைலோமீற்றர். இந்தக் கடைசிக் கருவி ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்த வேறுபாட்டைக் காட்ட வல்லது. ஆனால் அதற்குப் பல் துண்டைத் தட்டையாக மினுக்கி, ஒரு பகுதியை ஒட்டுநாடாவால் மூடி, மூடிய பகுதியை ஒப்பீட்டுத் தளமாக வைத்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள வாயில் வளைந்து நெளிந்த பல்லுக்கு அது பொருந்தாது. ஆகவே ஆய்வுகூடத் துல்லியத்தை எந்தச் சிகிச்சை நிலையத்திடமும் நான் எதிர்பார்க்கவில்லை. விளம்பரத்தில் அதைச் சொல்லாமல் இருந்தாலே போதும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகப் பெரிய குறையாகப் பட்டது வேறு. அளவெடுத்தார்கள், ஆனால் நான் என்ன சாப்பிடுகிறேன், என்ன குடிக்கிறேன், நெஞ்செரிச்சல் உண்டா, இரவில் பல்லை நறும்புகிறேனா என்று அறிக்கைக்கு முன்னர் ஒருவரும் கேட்கவில்லை. மேல் முன்பற்களின் அண்ணப் பக்கம் கரைந்திருந்தால் இரைப்பை அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். உதட்டுப் பக்கம் கரைந்திருந்தால் புளிப்புப் பானங்களை. இந்த விசாரணை இல்லாமல் கொடுக்கும் மைக்ரோமீற்றர் கணக்கால் நோயாளிக்கு என்ன பயன்? நானாகவே கேட்ட பிறகுதான் வைத்தியர் உணவுப் பழக்கங்களைப் பற்றிப் பேசினார்; பேசியபோது மிகவும் பயனுள்ளதாகப் பேசினார். பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்; எனாமல் கரையத் தொடங்கும் பி.எச். பெறுமானம் 5.5 என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் பி.எச். மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்றார். தயிரின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 4 தான். ஆயினும் அதில் கல்சியமும் பொஸ்பேற்றும் நிறைந்திருப்பதால் அது பல்லைக் கரைப்பதில்லை. தேசிக்காய்ச் சாற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மதியம் மோர், பின்னேரம் தேசிக்காய்த் தண்ணீர் என்று குடிப்பவனுக்கு எதை விட வேண்டும் என்று இதைக் கேட்டவுடன் விளங்கிவிட்டது.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய ஓர் அளவீடு இருக்கிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பாட்லெற், கன்ஸ், லூசி ஆகியோர் 2008இல் முன்வைத்த, சுருக்கமாக பெவே என்று அழைக்கப்படும் பரிசோதனை அது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஆக மோசமாகத் தேய்ந்த பரப்புக்கு மட்டும் 0 முதல் 3 வரை புள்ளி இடுவார்கள். மேற்பரப்பின் இயல்பான நெளிவு மட்டும் மங்கியிருந்தால் 1. தெளிவான குழிவு இருந்து, இழப்பு அந்தப் பரப்பின் பாதிக்குக் குறைவானால் 2. பாதியோ அதற்கு மேலோ ஆனால் 3. ஆறையும் கூட்டினால் உச்சம் 18. மொத்தம் 2 வரை கவலையில்லை. 3 முதல் 8 வரை குறைந்த ஆபத்து, 9 முதல் 13 வரை நடுத்தரம், 14உம் அதற்கு மேலும் அதிகம். ஆபத்துக் குறைந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நடுத்தரமோ அதிகமோ ஆனவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும் என்று அந்த முறையே சொல்கிறது. இதற்கு முன்னர் 1984இல் சிமித், நைற் இருவரும் கொண்டுவந்த சுட்டெண்ணில் ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனியே புள்ளியிட வேண்டியிருந்ததால், நோயாளிகள் காத்திருக்கும் சிகிச்சை நிலையத்தில் அதை நடைமுறைப்படுத்துவது கடினம். பெவேக்கு நல்ல வெளிச்சமும் வாய்க்கண்ணாடியும் பழகிய கண்ணும் போதும். பார்ப்பவர் மாறினால் புள்ளியும் சற்று மாறலாம் என்பது அதன் குறை. ஸ்கானுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் உங்கள் பல் வைத்தியரிடம் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மொத்தம் 2க்குள் வந்தால் ஸ்கான் இப்போதைக்கு வேண்டியதில்லை.

பழைய முறைகளையும் ஒதுக்கிவிட முடியாது. அச்செடுத்து வார்த்த சாந்து மாதிரிகளைப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தால் அவையும் நல்ல சாட்சிதான். அல்ஜினேற் அச்சு காய்ந்தால் சுருங்கிவிடும் என்பதால் உடனே வார்த்திருக்க வேண்டும், சிலிக்கன் அச்சானால் அவசரமில்லை. இந்த நிலையத்தாரிடம் நான் கொண்டுபோன பழைய சாந்து மாதிரியை ஸ்கான் செய்து ஒப்பிட முடியுமா என்று கேட்டபோது, செய்யலாம் என்றார்கள், செய்தும் தந்தார்கள். ஓராண்டு ஒப்பீட்டை விட அந்த ஒப்பீடே என் பற்களின் கதையைத் தெளிவாகக் காட்டியது. இதை அவர்கள் விளம்பரப்படுத்தாதது ஏன் என்று புரியவில்லை.

வரவேற்பு மேசையில் விற்பனைக்கு வைத்திருக்கும் கரிப் பற்பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல் தேய்மானத்தை அளக்கும் இடத்தில், உராய்வுத் தன்மையின் அளவு எங்கும் குறிப்பிடப்படாத பற்பசையை விற்பது பொருத்தமாக இல்லை. டென்ரீன் துண்டைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்தி, பற்பசைக் கரைசலால் இயந்திரத்தில் துலக்கி, கரைசலில் சேர்ந்த கதிரியக்கத்தை எண்ணி ஆர்.டி.ஏ. என்ற உராய்வுப் பெறுமானம் கணிக்கப்படுகிறது. ஒப்பீட்டுக்கு வைக்கும் உராய்பொருளுக்கு 100 என்றும், பற்பசைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 11609 தரத்தில் மேல் எல்லை 250 என்றும் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டேன். மேசையில் இருந்தவருக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியவில்லை.

கட்டணத்துக்கு வருவோம். இரு பதிவுகளும் அறிக்கையும் சேர்ந்த பொதி, நகரில் பற்காரை நீக்குவதற்கு வாங்கும் தொகையைப் போலப் பல மடங்கு. நறும்பும் பழக்கமோ தீராத நெஞ்செரிச்சலோ உள்ளவர்களுக்கும், பெவே பரிசோதனையில் 9க்கு மேல் வந்தவர்களுக்கும், தேய்ந்த பற்களைக் கட்டியெழுப்பும் சிகிச்சைக்கு முன்னர் அடிப்படைப் பதிவு ஒன்று தேவைப்படுபவர்களுக்கும் அது தகும். மற்றவர்கள் முதற்பதிவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்; கேட்டால் தனியாகவும் செய்து தருகிறார்கள்.

பதிவை எடுத்தால் அதன் மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட நிறப்படத்தை வைத்து இன்னொரு வைத்தியரால் எதையும் அளக்க முடியாது. முப்பரிமாண உருவைச் சேமிக்கும் எஸ்.டி.எல். வடிவக் கோப்பு கையில் இருந்தால், வேறு எந்த ஸ்கானரில் எடுத்த பதிவோடும் பின்னர் ஒப்பிடலாம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வேலைக்கென்றே உருவாக்கிய வெயர்கொம்பயர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது, அதில் பொருத்தும் பரப்பை நாமே தெரிவுசெய்யவும் முடியும். நிலையத்தார் முதலில் தயங்கினார்கள். வைத்தியர் தலையிட்டதும் பென் டிரைவில் பதிந்து தந்தார்கள், அதற்கு மேலதிகமாக எதுவும் வாங்கவில்லை.

நிலையம் மேல் மாடியில் இருக்கின்றது, மின்தூக்கி இல்லை. முழங்கால் நோவுள்ளவர்கள் முன்கூட்டித் தெரிவித்தால் கீழ்த்தளத்து அறையில் பார்க்கிறார்கள். சனி, ஞாயிறு நாட்களில் கொழும்பிலிருந்து வரும் விசேட வைத்தியருக்காகக் கூட்டம் நெருக்கும் என்பதால், ஸ்கானுக்கு வார நாள் காலையைக் கேட்டு வாங்குவது நல்லது. அப்போதுதான் உதவியாளருக்குப் பற்களை ஒழுங்காக உலர்த்திப் பதிய நேரம் கிடைக்கின்றது.